லாங் பிராஞ்சா, சாவேஜா, ஃபசாக்கர்லியா, இஷாப்பூரா? பழைய லீ-என்ஃபீல்ட் வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "அண்ணா, நாலு லீ-என்ஃபீல்ட் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்றுதான் வாங்க முடியும், எதை எடுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு வரிசையாகப் படங்களை அனுப்பினார். லீ-என்ஃபீல்ட் என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைஃபிள்; லாங் பிராஞ்ச், சாவேஜ், ஃபசாக்கர்லி, இஷாப்பூர் எல்லாம் அதைச் செய்த ஆலைகள். முதலாவது 1943 என்று போட்ட லாங் பிராஞ்ச், பூச்சு பாதி தேய்ந்து, கட்டையில் கீறல்களோடு. இரண்டாவது ஒரு சாவேஜ், கண்ணாடி மாதிரி பளபளவென்று. மூன்றாவது 1950களில் செய்த ஃபசாக்கர்லி, கையே படாத மாதிரி. நாலாவது நம் இந்தியாவின் இஷாப்பூர் 2ஏ1. விலையில் சாவேஜும் ஃபசாக்கர்லியும் மேலே, லாங் பிராஞ்ச் நடுவில், இஷாப்பூர் கீழே.

அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் டொரண்டோ பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது வேட்டைக்கும் சுடுதளத்துக்கும் போகிறார்கள், முதல் துப்பாக்கி பெரும்பாலும் ஒரு பழைய .303 (லீ-என்ஃபீல்டின் தோட்டா அளவு) ஆகத்தான் இருக்கிறது, அதில் ஏமாறுவதும் எளிது.

ஏமாறும் விதம் எப்போதும் ஒன்றுதான். உலோகத்தில் அடித்த எழுத்தை மட்டும் படிக்கிறோம், பூச்சைப் படிப்பதில்லை. அல்லது பூச்சின் அழகைப் பார்த்து மயங்கி எழுத்தை விட்டுவிடுகிறோம். எந்த ஆலை, எந்த ஆண்டு என்று முத்திரை சொல்லும். அந்த ஆலையில், அந்த ஆண்டில் என்ன பூச்சு போட்டார்களோ அதுதான் மேலே இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் துப்பாக்கி நேர்மையானது. ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அது ராணுவத்தின் கையா, தனி ஆளின் கையா என்பது அடுத்த கேள்வி, விலையே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

சரி, அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். லீ-என்ஃபீல்ட் என்ற பெயரில் உள்ள லீ, ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஒன்டாரியோவின் கால்ட் நகரத்துக்கு வந்தவர். இன்று அது கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஒரு பகுதி, நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியேறும் ஊர். என்ஃபீல்ட் என்பது லண்டனுக்கு வடக்கே இருந்த அரசு ஆலை. முதல் உலகப் போரில் ஓடியது குட்டையான எஸ்.எம்.எல்.இ. என்ற வகை, 1907இல் வந்த மார்க் 3, பிறகு அதிலிருந்து சில பாகங்களைக் குறைத்த மார்க் 3 ஸ்டார். இதற்கு 1926இல் நம்பர் 1 என்று பெயர் மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு வந்தது நம்பர் 4. 1939இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது, 1941 முதல் பெருமளவில் வெளியே வந்தது. பெயர் என்ஃபீல்ட் என்றாலும் நம்பர் 4இன் பெரும் உற்பத்தி என்ஃபீல்ட் ஆலையில் நடக்கவே இல்லை. லிவர்பூலின் ஃபசாக்கர்லி, யார்க்‌ஷரின் மால்ட்பி, பர்மிங்காம் பக்கம் ஷர்லியில் பி.எஸ்.ஏ. நிறுவனம், கனடாவின் லாங் பிராஞ்ச், அமெரிக்காவின் சாவேஜ், போர்க்காலத்தில் இந்த ஐந்துதான். ஆகவே ஒரு நம்பர் 4ஐக் கையில் எடுத்தால் முதல் வேலை, ஐந்தில் எது என்று கண்டுபிடிப்பது.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று ரிசீவரின், அதாவது தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் உலோக உடலின், இடது சுவர். இன்னொன்று பட் சாக்கெட், அதாவது பின்கட்டை வந்து உலோகத்தில் சேரும் அந்த வளையம். பிரிட்டிஷ் ஆலைகளின் குறிகளைப் பெரும்பாலும் பட் சாக்கெட்டில் தேட வேண்டும். பி.எஸ்.ஏ. என்று எழுதியிருக்காது, எம்47சி என்ற ரகசியக் குறி இருக்கும். குண்டு வீசுபவர்களுக்கு ஆலை எங்கே என்று தெரியக்கூடாது என்று போர்க்காலத்தில் கொடுத்த குறிகள் இவை, எம் என்று தொடங்கினால் இங்கிலாந்தின் நடுப்பகுதி, என் வடக்கு, எஸ் தெற்கு. இந்தக் குறிமுறை தெரியாமல் "மேக்கர் பெயரே இல்லை" என்று விலையைக் குறைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், வாங்குகிறவருக்கு அது லாபம்.

லாங் பிராஞ்சில் இந்தச் சிக்கல் இல்லை. இடது சுவரில் நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் (நம்பர் 4இன் எளிமையாக்கிய வகை), லாங் பிராஞ்ச், ஆண்டு என்று தெளிவாக இருக்கும். சீரியல் நம்பரின் நடுவில் எல் என்ற எழுத்து, அதற்கு முன் ஒன்றோ இரண்டோ இலக்கம், பின்னால் நாலு இலக்கம். ஆங்கில சி எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு அம்பு நிற்கும் முத்திரை கனடா அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். சின்னப் பாகங்களில்கூட எல்.பி. என்று ஒட்டி எழுதிய குறி இருக்கும். குறி பார்க்கும் சைட், போல்ட், அதன் பின்முனையில் உள்ள காக்கிங் பீஸ், கட்டையைக் குழலோடு பிடிக்கும் பட்டிகள் என்று ஒவ்வொன்றிலும் அதைத் தேடிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. எல்லாமே எல்.பி. என்று வந்தால் அந்தத் துப்பாக்கி ஆலையை விட்டுப் போன நிலையிலிருந்து அதிகம் மாறவில்லை என்று நம்பலாம்.

இந்த ஆலையைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போக மனமில்லை. 1940இல் கனடா அரசு ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட் என்ற பெயரில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் கட்டியது. இடம் இன்றைய மிசிசாகாவுக்குள் வருகிறது, டொரண்டோ எல்லையை ஒட்டி. போர் உச்சத்தில் இருந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள், அதில் பெரும்பான்மை பெண்கள். சுமார் 9 லட்சம் நம்பர் 4 துப்பாக்கிகள் அங்கிருந்து போயின. பரிசோதனை செய்த கட்டடம் லேக்‌ஷோர் சாலையில் இன்னும் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். பக்கத்துக் காட்டில் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்த தளத்தின் பெரிய மரத் தடுப்புகளும் இருக்கின்றன. நான் மகளோடு அங்கே நடந்திருக்கிறேன். வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பொருள் பிறந்த இடத்தைப் பதினைந்து நிமிடக் கார் பயணத்தில் போய்ப் பார்க்க முடிகிறது என்பதே எனக்கு லாங் பிராஞ்ச் மீது ஒரு சாய்வை உண்டாக்கிவிட்டது. இந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

போர்க்கால லாங் பிராஞ்சின் உலோகம் நீலம் கலந்த கருமை, மெருகு கிடையாது. அவசரத்தில் செய்தது, ஆகவே கடைசல் இயந்திரம் ஓடிய கோடுகள் ரிசீவரிலும் குழலிலும் அப்படியே தெரியும். கருமை முதலில் தேய்வது கை படும் இடங்களில்தான். போல்ட் பிடி, மேகசின் ஓரம், பட் சாக்கெட்டுக்குக் கீழே தூக்கிப் பிடிக்கும் இடம். அங்கே வெள்ளி நிறமோ பழுப்போ எட்டிப் பார்க்கும். தம்பி அனுப்பிய 1943இல் தேய்மானம் இதே இடங்களில் இருந்தது. கட்டை வால்நட் அல்லது பிர்ச்.

சாவேஜுக்கு வருவோம். மாசசூசெட்ஸ் மாநிலம் சிக்கோபி ஃபால்ஸில் செய்தது, 10 லட்சத்துக்கு மேல். சீரியல் நம்பரின் நடுவில் எல் இருக்கும் இடத்தில் இங்கே சி, ஊரின் பெயரிலிருந்து. பாகங்களில் சதுரத்துக்குள் எஸ். இடது பக்கத்தில் யு.எஸ். பிராபர்ட்டி என்று பெரிதாக அடித்திருக்கும். அமெரிக்க ராணுவம் இதைத் தன் கையில் எடுத்துப் போரிடவில்லை. லெண்ட்-லீஸ் சட்டப்படி பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்ததால் காகிதத்தில் இது அமெரிக்கச் சொத்து, அதனால்தான் அந்த முத்திரை. "அமெரிக்க ராணுவத் துப்பாக்கி" என்று யாராவது இதைக் காட்டி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். இன்னொன்று, சாவேஜ் ரிசீவரில் ஆண்டு இருக்காது. சீரியலை வைத்துத்தான் ஆண்டைக் கணக்கிட வேண்டும், உற்பத்தி 1944இல் நின்றுவிட்டது. ஆண்டு அழகாகப் பொறித்த சாவேஜ் என்று ஒன்று வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

இதில் எனக்கு ஒரு சொந்த வலி இருக்கிறது. நான் முதலில் வாங்கியது ஒரு சாவேஜ். கண்காட்சி ஒன்றில் ஒரு விற்பனையாளரிடம், "புதுசு மாதிரி, கிடங்கிலிருந்து அப்படியே வந்தது" என்ற வார்த்தையை நம்பி. ஆழ்ந்த கறுப்பு, முகம் பார்க்கலாம். வீட்டுக்கு வந்து மேல்கட்டையைக் கழற்றினேன். கட்டைக்கு அடியில் குழல் முழுக்கச் சின்னச் சின்னத் துருப் பள்ளங்கள், அந்தப் பள்ளங்களுக்குள்ளும் அதே பளபளப்பான கறுப்பு. அதாவது துருப்பிடித்து, தேய்த்து, அதற்கு மேல் புதிதாகப் புளூயிங் (எஃகைக் கறுக்க வைக்கும் ரசாயனப் பூச்சு) போட்டிருக்கிறார்கள். துரு முதலில் வந்திருக்கிறது, பூச்சு பிறகு வந்திருக்கிறது, அதை உலோகமே சொல்கிறது. கொடுத்த பணத்தில் பாதிகூடப் பெறாது என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து நான் எந்தத் துப்பாக்கியையும் பளபளப்பை வைத்து மதிப்பிடுவதில்லை.

மறுபூச்சைக் கண்டுபிடிக்க இவைதான் எனக்கு உதவுகின்றன. முதலில் எழுத்தின் விளிம்பு. எஃகில் அச்சு இறங்கும்போது எழுத்தைச் சுற்றி உலோகம் லேசாக மேலே பிதுங்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். மெருகுச் சக்கரத்தில் தேய்த்தால் அந்தப் பிதுக்கம் போய்விடும், எழுத்து ஆழம் குறைந்து, தண்ணீரில் கரைந்த மாதிரி மங்கி நிற்கும். அடுத்தது திருகுத் துளைகள். ஓரம் கூர்மையாக இருக்க வேண்டிய இடத்தில் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தால் சக்கரம் வேலை செய்திருக்கிறது. தட்டையாக இருக்க வேண்டிய பரப்பில் டார்ச் ஒளி அலை அலையாக நெளிந்தாலும் அதே கதைதான். அப்புறம் நிறம். ஒரே துப்பாக்கியில் போல்ட், ரிசீவர், பட்டிகள், திருகுகள் எல்லாம் ஒரே சீரான கறுப்பாக இருந்தால் ஒரே நாளில் ஒரே தொட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆலையில் அப்படி நடக்காது, ஒவ்வொரு பாகமும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு எஃகில் செய்தது, நிறத்தில் மெல்லிய வேறுபாடு இருந்தே தீரும்.

கட்டையையும் பாருங்கள். பின்கட்டையின் முடிவில் இருக்கும் பட் பிளேட்டை விட மரம் உள்ளே இறங்கி, உலோக ஓரம் நகத்தில் இடித்தால், யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மரத்தில் அடித்த முத்திரைகளும் அதோடு போயிருக்கும். உப்புத்தாளால் தேய்த்த மரத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அழுக்கும் எண்ணெயும் ஏறிக் கறுத்த மரம் அசிங்கமாகத் தெரியலாம், ஆனால் அதைச் சுத்தம் செய்ய முடியும்.

ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். விற்பவரின் அனுமதியோடு, வெளியே தெரியாத ஓர் இடத்தில், பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கடையில் வாங்கும் டப்பா பெயிண்ட் உடனே கரைந்து பஞ்சில் ஏறும்.

பெயிண்ட் என்று சொன்னதும், "பெயிண்ட் அடித்த துப்பாக்கி எல்லாம் போலி" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள், மூன்றாவது துப்பாக்கியே பெயிண்ட் அடித்ததுதான். போருக்குப் பிறகு பிரிட்டனில் பாஸ்பேட் பூச்சு போட்டு, அதன் மேல் சன்கோரைட் என்ற கறுப்பு எனாமலைப் பூசி அடுப்பில் சுட்டார்கள். 1949 முதல் ஃபசாக்கர்லியில் செய்த நம்பர் 4 மார்க் 2 வகையில் இதைப் பார்க்கலாம். மார்க் 2 என்றால் டிரிகர் இப்போது ரிசீவரிலேயே தொங்குகிறது. முந்தைய வகைகளில் அது டிரிகர் கார்டில், அதாவது டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தில் இருந்தது, மரம் ஈரத்தில் ஊதினாலோ சுருங்கினாலோ டிரிகரின் இழுவையும் மாறிவிடும். இந்த மாற்றம் சின்னது, ஆனால் சுடும்போது விரலுக்குத் தெரிகிறது. இவற்றில் பலவற்றின் சீரியல் பி.எஃப். என்று தொடங்கும், மரம் வெளிறிய மஞ்சள் பீச். கிரீஸ் பூசி, துணி சுற்றி, மெழுகுத்தாளில் பொதிந்து வைத்தபடி பல ஆண்டு கழித்துச் சந்தைக்கு வந்தவையும் இதில் உண்டு. ஆகவே 1950களின் ஃபசாக்கர்லி பளிச்சென்று இருந்தால் நம்பலாம், போர்க்காலத் துப்பாக்கி அதே மாதிரி இருந்தால்தான் காரணம் கேட்க வேண்டும்.

எஃப்.டி.ஆர். என்ற முத்திரையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆலைக்குத் திருப்பி அனுப்பி முழுதாகப் பழுது பார்த்தது என்று பொருள், கூடவே ஆலைக் குறியும் ஆண்டும் இருக்கும். இப்படி வந்த ஒரு 1942 மால்ட்பியில் 1950களின் கறுப்பு எனாமல் இருந்தால் அது மோசடி ஆகாது, அது அந்தத் துப்பாக்கியின் இரண்டாவது வாழ்க்கை. மார்க் 1 துப்பாக்கியின் டிரிகரை மார்க் 2 முறைக்கு மாற்றினால் மார்க் 1/2 என்றும், மார்க் 1 ஸ்டாரை மாற்றினால் மார்க் 1/3 என்றும் மின்பென்சிலால் எழுதினார்கள். மார்க் 1 ஸ்டாரை லாங் பிராஞ்சும் சாவேஜும் மட்டுமே செய்தன, ஆகவே 1/3 என்று கண்டால் அதன் பிறப்பு அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம்தான். இங்கிலாந்து வழியாகத் தனியாருக்கு விற்பனைக்குப் போன சில லாங் பிராஞ்ச், சாவேஜ் துப்பாக்கிகளில் "இங்கிலாந்தில் செய்தது அல்ல" என்றே ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருக்கும். வெறும் இங்கிலாந்து என்று இருக்கும் முத்திரையோ ஏற்றுமதி வழியைத்தான் காட்டும், பிறந்த ஊரைக் காட்டாது.

இனி இஷாப்பூர். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் ரைஃபிள் ஆலை. ஊரில் போலீஸ்காரர் தோளில் தொங்கிய "திரீ நாட் திரீ"யைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது அந்நியம் இல்லை. இந்தியாவில் .303 சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம், ஆகவே அங்கே பிறந்தும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை, இங்கே வந்துதான் கையில் எடுத்தேன். இஷாப்பூர் நம்பர் 4 செய்யவில்லை, பழைய நம்பர் 1 வடிவத்தையே தொடர்ந்தது. வலது பக்க பட் சாக்கெட்டில் கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், ஆண்டு. ஐ என்பது ஜார்ஜ் மன்னர் இந்தியாவின் பேரரசர் என்பதைக் குறிக்கும் எழுத்து. விடுதலைக்குப் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது, ஆர்.எஃப்.ஐ. என்ற குறி வந்தது. ஒரே ஆலை, ஒரே இடம், முத்திரை மட்டும் மாறியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

2ஏ, 2ஏ1 என்பவை 1962 சீனப் போருக்குப் பிறகு வந்தவை, 7.62 நேட்டோ தோட்டாவுக்கு. பழைய .303ஐக் குடைந்து மாற்றியது என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. இன்னும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்த ரிசீவர், மேகசின் சதுரமாக, 12 தோட்டா கொள்ளும். பின் சைட் 2000 மீட்டர் வரை குறித்திருந்தால் 2ஏ, 800 மீட்டர் என்றால் 2ஏ1. முன்கட்டையில் மேகசினுக்கு முன்னால் குறுக்காக ஒரு திருகு ஓடும், மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூர் போட்ட வழி அது. பூச்சு கறுப்பு பெயிண்ட். அது செதில் செதிலாக உரிவதும் இயல்பு, உரிந்த இடத்தில் உள்ளே துரு ஓடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இஷாப்பூரில் பளபளப்பான நீலப் புளூயிங் கண்டால் அது பிறகு போட்டது. கனடாவில் இவை அடிக்கடி கண்ணில் படாது, அமெரிக்காவுக்குத்தான் அதிகம் போயின. இதைக் கழற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். நம்பர் 1 வடிவத்தில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் போல்ட்டைத் திருகினால் முன்கட்டையின் பின்முனை பிளந்துவிடும்.

"ஜங்கிள் கார்பைன்" என்று யாராவது காட்டினால் கொஞ்சம் நில்லுங்கள். உண்மையானது, நம்பர் 4ஐக் குட்டையாக்கி எடை குறைத்த நம்பர் 5 மார்க் 1, 1944 முதல் 1947 வரை ஃபசாக்கர்லியிலும் ஷர்லியிலும் மட்டும் செய்தது. லாங் பிராஞ்ச் ஜங்கிள் கார்பைன், சாவேஜ் ஜங்கிள் கார்பைன், இஷாப்பூர் ஜங்கிள் கார்பைன் என்று எதுவும் கிடையாது, எல்லாம் பிற்பாடு தனியார் வெட்டிச் செய்தவை. உண்மையானதில் எடை குறைக்க ரிசீவரிலும், மரத்துக்கு அடியில் குழலின் தடித்த பகுதியிலும் உலோகத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள், போலிக்காரர் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. ஸ்னைப்பர் வகையில் இதைவிட அதிகப் போலி. முதல் துப்பாக்கியாக அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டி.பி. என்ற முத்திரை இருந்தால் அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கியது, சுடவே கூடாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

பிறப்பும் பூச்சும் சரியாக இருந்தால்கூட உடம்பு சரியாக இருக்க வேண்டுமே. போல்ட் பிடியின் பின்பக்க நம்பரும் பட் சாக்கெட்டில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நம்பரைக் கோடு போட்டு அடித்து, புதிதாக அடித்திருந்தால் அது வேறு துப்பாக்கியின் போல்ட், ஆலையில் பொருத்தியதாகவும் இருக்கலாம், நேற்று கேரேஜில் பொருத்தியதாகவும் இருக்கலாம். மார்க் 1 ஸ்டாரில் போல்ட்டைக் கழற்ற, போல்ட் ஓடும் வலது தண்டவாளத்தில் ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டின் ஓரம் உடைந்து போவது இந்த வகையின் தெரிந்த பலவீனம், லாங் பிராஞ்சோ சாவேஜோ எதுவானாலும் டார்ச் அடித்துப் பாருங்கள், உடைந்திருந்தால் வாங்க வேண்டாம். குழலுக்குள் குண்டைச் சுழற்றும் ஐந்து வரிகளுக்குப் பதிலாக இரண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். போர்க்காலத்தில் வேகமாகச் செய்ய ராணுவமே ஏற்றுக்கொண்ட முறை, நன்றாகச் சுடும். ஹெட்ஸ்பேஸை, அதாவது பூட்டிய போல்ட்டின் முகப்புக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, அளவுகோலில் பார்த்தே ஆக வேண்டும், .303க்கு 0.064 அங்குலத்தில் போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடக் கூடாது. பழைய ராணுவத் தோட்டாக்களில் பலவற்றின் பிரைமர் உப்பைப் படிய வைக்கும், அதைச் சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாத குழல்கள் உள்ளே கறுத்துக் குழி விழுந்து கிடக்கும், வெளியே எவ்வளவு பளபளத்தாலும்.

சரி, நாலில் எது? வேட்டைக்கு மட்டும்தான், மழையிலும் பனியிலும் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன், தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும் என்றால் இஷாப்பூருக்கு நியாயம் இருக்கிறது, பெயிண்ட் இன்னும் கொஞ்சம் உரிந்தால் மனம் பதறாது. ஆனால் 7.62 நேட்டோவின் அளவையொத்த நவீன .308 தோட்டாவை அதில் போடும் முன் துப்பாக்கித் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள், இதில் அவசரம் வேண்டாம். சுடுதளத்தில் துல்லியமாகச் சுடுவதுதான் ஆசை என்றால் ஃபசாக்கர்லி மார்க் 2 தான் நாலிலும் சிறந்தது. டிரிகர் நல்லது, குழல் அதிகம் சுடப்படாதது, பூச்சு கெட்டியானது. குறை என்று பார்த்தால், அது எந்தப் போரையும் பார்த்ததில்லை. சிலருக்கு இது பொருட்டில்லை, எனக்குப் பொருட்டு. சாவேஜைப் படத்திலேயே தள்ளிவிட்டேன். யு.எஸ். பிராபர்ட்டி என்ற எழுத்து மங்கலாக இருந்தது, திருகுத் துளைகள் குழிந்திருந்தன, பட் பிளேட் மரத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதே விலையில் பூச்சு பாதி போன ஒரு நேர்மையான சாவேஜ் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

கனடாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எத்தனையோ லாங் பிராஞ்சுகளின் முன்கட்டையை வெட்டி மூஸ் வேட்டைக்கு எடுத்துப் போனார்கள், முழுக் கட்டையோடு பிழைத்தவை ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. வடக்கே கனேடியன் ரேஞ்சர்கள் என்ற ராணுவ ரிசர்வ் படையினர் 1947 முதல் அண்மைக்காலம் வரை நம்பர் 4ஐத்தான் பனியில் சுமந்தார்கள், சி19 என்ற புதிய ரைஃபிள் வந்த பிறகே விட்டார்கள். இந்த ஊரில் வாழ்கிற ஒருவர் ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் அந்தத் தேய்ந்த 1943ஐ எடுங்கள் என்றேன். வாங்கும் முன் விற்பவரிடம் மேல்கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள், லைசென்ஸ் சரிபார்ப்பு எண் வாங்காமல் பணம் கை மாறக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அதை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வை விரித்து, பட்டிகளைத் தளர்த்தி, மேல்கட்டைகளை எடுத்தோம். வெளியே பழுப்பாகத் தேய்ந்து கிடந்த குழல், மரத்துக்கு அடியில் மட்டும் நீலம் கலந்த கருமையாக, கடைசல் கோடுகளோடு இருந்தது. துருப் பள்ளம் ஒன்றுகூட இல்லை. குழலின் தடித்த இடத்தில் 43. முன்கட்டையின் அடிப்பக்க மரத்தில் அடித்திருந்த சீரியல், போல்ட்டில் உள்ளது, பட் சாக்கெட்டில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருந்தன. எப்போது சுடலாம் என்று கேட்டார். அளவுகோல்களை நண்பர் ஒருவர் எடுத்துப் போயிருக்கிறார், புதன்கிழமை வந்துவிடும், அளந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.